இடம் இருந்தது, ஐநோடு இல்லை: 46 லட்சம் கோப்புகளை வட்டு மாற்றிய ஒரு நிகழ்வு

பின்னணி

வேலூரில் பழைய அச்சு நூல்களையும் இதழ்களையும் ஸ்கேன் செய்யும் ஒரு சிறிய நிலையம். இணையத்தில் காட்டுவதற்கான பிரதிகள் அனைத்தும் உபுண்டு ஓடும் ஒரே கணினியில், 4 டிபி ஹார்ட் டிஸ்க் ஒன்றில் இருந்தன. நிமிடத்துக்கு 7200 சுற்று ஓடும் டிஸ்க், கோப்புகளை அடுக்கி வைக்கும் அமைப்பான ஃபைல் சிஸ்டம் இஎக்ஸ்டி4. மூலப் படங்கள் வேறு இடத்தில் இருந்ததால் அவற்றுக்கு இந்த நிகழ்வில் பங்கில்லை.

ஒவ்வொரு பக்கத்துக்கும் நான்கு கோப்புகள்: சராசரி 600 கேபி அளவுள்ள ஜேபெக் படம், 12 கேபி சிறுபடம், எழுத்துணரி தந்த 3 கேபி உரை, படம் மாறவில்லை என்று சரிபார்க்க உதவும் எண் அடங்கிய, நூறு பைட்டுக்கும் குறைவான ஒரு எம்டி5 கோப்பு. பதிவேட்டின்படி 11,52,000 பக்கங்கள். ஆக 46,08,000 கோப்புகள், மொத்தம் சுமார் 708 ஜிபி. அளவில் 2 சதவீதமே இருந்த சிறுபடங்கள் எண்ணிக்கையில் கால்வாசி. அவை மட்டும் ஒரே ஃபோல்டரில் குவிந்து கிடந்தன. மற்ற மூன்று வகையும் மாவட்டம், ஊர், நூல் என்ற அடுக்கில் இருந்தன.

இந்த அடுக்குக்கு ஒரு வரலாறு உண்டு. பின்னால் நடந்ததற்கு அதுவும் ஒரு காரணம். 2019-ல் வேலூர் மாவட்டம் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என மூன்றாகப் பிரிந்தபோது, சோளிங்கர், ஆற்காடு, ஆம்பூர், வாணியம்பாடி ஃபோல்டர்களை எல்லாம் புது மாவட்ட ஃபோல்டர்களுக்குள் கோப்பை இடம் மாற்றும் எம்வி கட்டளையால் மாற்றினார்கள். பல லட்சம் கோப்புகள், ஒரு விநாடிகூட ஆகவில்லை. ஒரே ஃபைல் சிஸ்டத்துக்குள் எம்வி செய்வது பெயர்ப் பதிவை மாற்றி எழுதுவது மட்டும்தான். தரவு இருந்த இடத்திலேயே இருக்கும். "எம்வி வேகமானது, பாதுகாப்பானது" என்ற எண்ணம் நிலையத்தில் அன்றைக்கு வேரூன்றியது.

இந்த மே மாதம் டிஸ்க்கின் நலத்தைக் காட்டும் ஸ்மார்ட் அறிக்கையில் நிலுவை செக்டர்கள் 8 என்று தெரிந்தது. அதாவது டிஸ்க்கால் படிக்க முடியாமல், இன்னும் மாற்றவும் படாத எட்டு இடங்கள். டிஸ்க்கை மாற்றிவிடுவது என்று முடிவானது. கையில் இருந்த பேக்கப் நான்கு மாதம் பழையது. வேறொரு வேலைக்கு வாங்கி வைத்திருந்த 4 டிபி டிஸ்க் ஒன்று காலியாக இருந்தது.

வெள்ளி இரவு

மாலை வேலை முடிந்ததும் இளைய ஊழியர் ஒருவர் சிறுபடங்களில் தொடங்கினார். அந்த ஃபோல்டருக்குள் போய், எம்வி கட்டளையோடு நட்சத்திரக் குறியைப் போட்டு, புது டிஸ்க்கின் முகவரியைக் கொடுத்தார். உடனே 'ஆர்க்யுமென்ட் லிஸ்ட் டூ லாங்' என்று வந்து நின்றது.

நட்சத்திரக் குறியை விரிப்பது எம்வி அல்ல, நாம் அடிக்கும் கட்டளையை வாங்கி இயக்கும் ஷெல். ஃபோல்டரில் உள்ள எல்லாப் பெயர்களையும் ஒரே வரியாக்கி அது இயங்குதளத்தின் மையமான கெர்னலிடம் கொடுக்கிறது. அந்த வரிக்கு லினக்ஸில் உள்ள உச்ச வரம்பு ஸ்டாக் (நிரலின் வேலை நினைவகம்) அளவில் நாலில் ஒரு பங்கு. வழக்கமான 8 எம்பி ஸ்டாக்குக்கு 2 எம்பி. தமிழ் எழுத்துக் குறி ஒவ்வொன்றும் யூடிஎஃப்-8-ல் 3 பைட் எடுக்கும். 'பொன்னை' என்ற ஊர்ப் பெயர் மட்டும் 18 பைட். பக்க எண்ணும் விகுதியும் சேர்ந்தால் 32. அதற்கான சுட்டியும் முடிவுக் குறியும் சேர்ந்து 41. இந்தக் கணக்கில் ஏறக்குறைய 50,000 பெயர்தான் ஒரு வரியில் அடங்கும். இங்கே இருந்ததோ பதினொன்றரை லட்சம்.

இந்தப் பிழையால் ஒரு கோப்புக்கும் சேதமில்லை. கட்டளை தொடங்கவே இல்லை. கோப்புகளைத் தேடும் ஃபைண்ட் கட்டளையோடு -எக்ஸெக் போட்டு, கடைசியில் கூட்டல் குறி வைத்திருந்தால் பெயர்களை அதுவே வரம்புக்கு ஏற்றபடி கட்டுக்கட்டாகப் பிரித்துக் கொடுத்திருக்கும். எம்வி, நகலெடுக்கும் சிபி இரண்டிலும் -டி விருப்பம் சேருமிடத்தை முதலில் சொல்ல இடம் தருவது இதற்காகத்தான்.

ஊழியர் சிறுபடங்களை அப்படியே விட்டுவிட்டு, ஊர் ஃபோல்டர்களை ஒரு ஃபார் சுற்றில் வைத்து ஒவ்வொன்றாக எம்வி செய்யத் தொடங்கினார். அப்போது மணி 7. இரவு 11:20-க்கு திரை முழுவதும் 'நோ ஸ்பேஸ் லெஃப்ட் ஆன் டிவைஸ்' என்ற வரி ஓடியது. உடனே பொறுப்பாளரை ஃபோனில் கூப்பிட்டார்.

"அண்ணா, புது டிஸ்க்குல அஞ்சு பர்சென்ட்தான் போயிருக்கு. ஆனா இடமே இல்லன்னு சொல்லுது."

"எதையும் அழிக்காதப்பா. திரும்ப ஓட்டவும் ஓட்டாத. டிஎஃப் போட்டு மைனஸ் ஐ குடு, இன்னா வருதுன்னு படி."

டிஎஃப் டிஸ்க்கின் பயன்பாட்டைக் காட்டும் கட்டளை; மைனஸ் ஐ கொடுத்தால் இடத்துக்குப் பதில் ஐநோடுகளை, அதாவது கோப்பு ஒவ்வொன்றின் விவரப் பதிவுகளை, எண்ணிக் காட்டும். ஐநோடு பயன்பாடு 100 சதவீதம் என்று வந்தது.

ஏன் நின்றது

இஎக்ஸ்டி4-ல் ஒவ்வொரு கோப்புக்கும் ஃபோல்டருக்கும் ஒரு ஐநோடு வேண்டும். எத்தனை ஐநோடு என்பது ஃபார்மட் செய்யும்போதே முடிவாகிவிடும். பின்னால் கூட்ட வழியில்லை. வழக்கமான அமைப்பில் 16,384 பைட்டுக்கு ஒன்று, அதாவது 4 டிபி டிஸ்க்கில் ஏறக்குறைய 24.4 கோடி. இந்த டிஸ்க்கை முன்பு வீடியோ சேமிக்க என்று நினைத்து லார்ஜ்ஃபைல்4 வகையில் ஃபார்மட் செய்திருந்தார்கள். அதில் 4 எம்பிக்கு ஒரு ஐநோடுதான். ஆக மொத்தம் சுமார் 9.5 லட்சம். அப்படிச் செய்ததிலும் நியாயம் இருந்தது. ஒரு ஐநோடு 256 பைட் என்பதால், வழக்கமான அமைப்பில் ஐநோடு அட்டவணைகளே 62 ஜிபி இடத்தைப் பிடிக்கும். பெரிய வீடியோக்களுக்கு அது வீண். மூன்று கேபி உரைக் கோப்புகளுக்கோ அதுதான் உயிர்.

இன்னும் மோசமான செய்தி, எம்வி அதுவரை செய்து வைத்திருந்தது. இரண்டு வேறு ஃபைல் சிஸ்டங்களுக்கு நடுவே எம்வி செய்தால் அது பெயர் மாற்றம் அல்ல. நகலெடுத்து, பிறகு மூலத்தை அழிப்பது. ஆம்பூர், வாணியம்பாடி, ஆரணி, செய்யாறு ஃபோல்டர்கள் முழுமையாகப் போய்ச் சேர்ந்து, பழைய டிஸ்க்கில் அழிந்துவிட்டன. போளூரில் 61,420 கோப்பு போனபின் ஐநோடு தீர்ந்தது. ஒரு ஃபோல்டர் பிழையில்லாமல் முழுதாகப் போனால்தான் எம்வி அதன் மூலத்தை அழிக்கும் என்பதால் போளூர் பழைய டிஸ்க்கில் முழுதாக இருந்தது. அதற்குப் பின் வரிசையில் இருந்த ராணிப்பேட்டை, வேலூர் மாவட்டங்களும் தப்பின.

ஆக, வெள்ளி இரவு முடியும்போது முழுத் தொகுப்பு எங்கேயும் இல்லை. கெட்டுப்போகத் தொடங்கிய டிஸ்க்கில் ஒரு பகுதி, தவறாக ஃபார்மட் ஆன டிஸ்க்கில் மறு பகுதி. நான்கு மாதப் பழைய பேக்கப்பைத் தவிர இரண்டுக்கும் வேறு நகல் இல்லை.

சனிக்கிழமை எடுத்த முடிவுகள்

முதலில் தோன்றிய யோசனை, புது டிஸ்க்கைச் சரியாக மறு ஃபார்மட் செய்து திரும்பத் தொடங்குவது. அதைப் பொறுப்பாளர் உடனே மறுத்தார். நான்கு ஊர்களின் ஒரே பிரதி அதில்தான் இருந்தது. அவற்றைப் பழைய டிஸ்க்குக்கே திருப்பி நகலெடுப்பதும் சரியில்லை. சாகக் கிடக்கும் டிஸ்க்கில் எழுதுவதால் பாரம்தான் கூடும். மூன்றாவது டிஸ்க் ஒன்று வாங்குவதைத் தவிர வழியில்லை. வாங்கினார்கள், இஎக்ஸ்டி4-ல் வழக்கமான விகிதத்திலேயே ஃபார்மட் செய்து, டிஎஃப் -ஐ போட்டு எண்ணைக் கண்ணால் பார்த்த பிறகே மேலே போனார்கள். எக்ஸ்எஃப்எஸ் என்ற வேறொரு ஃபைல் சிஸ்டம் தேவைக்கேற்ப ஐநோடுகளை உருவாக்கிக்கொள்ளும் என்பதால் அதையும் யோசித்தார்கள். ஆனால் அதைப் பழுது பார்த்த அனுபவம் நிலையத்தில் யாருக்கும் இல்லை. நெருக்கடியில் தெரிந்த கருவியை எடுத்தது சரியான முடிவே.

மற்ற இரண்டு டிஸ்க்குகளையும் படிக்க மட்டும் என்று மவுண்ட் செய்தார்கள், அதாவது கணினியோடு இணைத்தார்கள். இனி யார் எந்தக் கட்டளையைத் தவறாக அடித்தாலும் மூலம் அழியாது. இந்த ஒரு செயலை வெள்ளி மாலையே செய்திருந்தால் எம்வியால் எந்த ஃபோல்டரின் மூலத்தையும் அழித்திருக்க முடியாது.

பிறகு எண்ணிப் பார்த்தார்கள். ஃபைண்ட் வெளியீட்டை டபிள்யூசி -எல் கொண்டு வரி வரியாக எண்ணுவது வழக்கம். பெயருக்குள் வரி முறிவு இருந்தால் அந்தக் கணக்கு தவறும். எனவே ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு புள்ளியை மட்டும் அச்சிடச் சொல்லி, டபிள்யூசி -சி மூலம் புள்ளிகளை எண்ணினார்கள். பழைய டிஸ்க்கில் 37,17,550. தவறான டிஸ்க்கில் 9,51,870. இரண்டிலும் இருக்கும் போளூரின் 61,420-ஐக் கழித்தால் 46,08,000. பதிவேட்டோடு பொருந்தியது. அந்த நிமிடம்வரை ஏதாவது தொலைந்ததா என்றே யாருக்கும் தெரியாது.

சிறுபடங்களை நகலெடுப்பதில்லை என்று தீர்மானித்தார்கள். படம் இருந்தால் சிறுபடத்தை எப்போது வேண்டுமானாலும் உருவாக்கலாம்; அதற்காகக் கெட்ட டிஸ்க்கின் ஊசியை மேலும் 11.52 லட்சம் முறை அலையவிட வேண்டியதில்லை. எம்டி5 கோப்புகளைக் கண்டிப்பாக எடுக்க வேண்டும். சரிபார்க்க அவைதான் சாட்சி. எடுக்க வேண்டிய மொத்தம் 34,56,000 ஆனது.

டாரா, ஆர்சிங்க்கா

கோப்புகளை ஒரே கட்டாக்கும் டார் கட்டளை ஒன்றின் வெளியீட்டை இன்னொரு டாருக்குள் பைப் செய்வது (நேரே செலுத்துவது), காலி டிஸ்க்குக்கு முதல் நகல் எடுக்கப் பலரும் விரும்பும் வழி. ஒப்பிடுகிற வேலை இல்லை என்பதால் வேகம் என்பார்கள். ஆனால் நடுவில் நின்றால் விட்ட இடத்திலிருந்து தொடராது. மே மாத வேலூரில் மின்சாரம் நிற்காது என்று யாரும் எழுதிக்கொடுக்க முடியாது. இரு இடங்களையும் ஒப்பிட்டு, மாறியதை மட்டும் நகலெடுக்கும் ஆர்சிங்க்கைத் தேர்ந்தெடுத்ததற்கு இது முதல் காரணம்.

இரண்டாவது காரணம் இன்னும் நுட்பமானது. இஎக்ஸ்டி4 ஒரு ஃபோல்டரின் பெயர்களை ஹாஷ் வரிசையில், அதாவது பெயரிலிருந்து கணக்கிட்ட ஓர் எண்ணின் வரிசையில் தருகிறது. டார் அந்த வரிசையிலேயே கோப்புகளைப் படிக்கும். அவை டிஸ்க்கில் இருக்கும் வரிசைக்கும் இதற்கும் தொடர்பே இல்லை. ஊசி ஒவ்வொரு கோப்புக்கும் வேறெங்கோ தாவ வேண்டும். 7200 சுற்று டிஸ்க்கில் ஒரு முழுச் சுற்றுக்கே 8.3 மில்லி விநாடி. இத்தகைய தாவல்கள் விநாடிக்கு நூறைத் தாண்டுவது அபூர்வம். சிறு கோப்புகளில் நேரத்தைத் தீர்மானிப்பது ஜிபி அல்ல, இந்தத் தாவல் எண்ணிக்கை. ஆர்சிங்க்கோ தன் பட்டியலைப் பெயர்வாரியாக அடுக்கிக்கொள்ளும். ஸ்கேன் செய்தபோது பக்கங்கள் 0001, 0002 என்று அதே வரிசையில்தான் எழுதப்பட்டன. எனவே பெயர் வரிசையும் டிஸ்க்கில் உள்ள வரிசையும் பெரும்பாலும் ஒன்றாகவே அமைந்தன. டாரையே பயன்படுத்த வேண்டியிருந்தால், ஃபைண்ட் மூலம் ஐநோடு எண்ணோடு பட்டியல் எடுத்து, எண்வாரியாக அடுக்கி, அந்தப் பட்டியலை டாருக்குக் கொடுத்திருக்க வேண்டும்.

கொடுத்த விருப்பங்கள் அதிகமில்லை: அனுமதி, நேரம் முதலியவற்றைக் காக்க -ஏ, உரிமையாளரை எண்ணாகவே வைக்க நியூமெரிக்-ஐடிஸ், பதிவுக்கு லாக்-ஃபைல். ஒரே கோப்புக்குப் பல பெயர் தரும் ஹார்டு லிங்க்கைக் காக்கும் பெரிய எழுத்து -எச் நினைவகத்தைத் தின்னும். ஒன்றுக்கு மேற்பட்ட இணைப்புள்ள கோப்பு உண்டா என்று ஃபைண்டில் தேடினார்கள். ஒன்றும் இல்லாததால் அதை விட்டார்கள். மூல முகவரியின் கடைசியில் சாய்கோடு இருப்பதை இரண்டு பேர் படித்துப் பார்த்தார்கள். சாய்கோடு இருந்தால் ஃபோல்டரின் உள்ளடக்கம் போகும். இல்லாவிட்டால் ஃபோல்டரே இன்னொரு அடுக்காக உள்ளே உட்காரும். -என் போட்டு ஒத்திகை ஓட்டம் ஒன்றும் முடிந்தது. எல்லாம் டிமக்ஸுக்குள், டெர்மினல் மூடினாலும் வேலை நிற்காது.

நகலெடுப்பு

சனி மதியம் அறை வெப்பத்தில் பழைய டிஸ்க் சும்மா இருக்கும்போதே 51 டிகிரி காட்டியது. இதுபோன்ற டிஸ்க்குகளுக்கு 60 டிகிரிதான் பொதுவான உச்ச வரம்பு. அக்னி நட்சத்திரப் பகலில் பத்து மணி நேரம் ஓட்டுவது அதைக் கொன்றுவிடலாம். பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றி, மேசை விசிறியை நேராக வைத்து, இரவு 7 மணிக்குத் தொடங்கினார்கள். மூலங்களில் பழைய டிஸ்க்தான் முதலில். தவறான டிஸ்க் ஆரோக்கியமானது, அது காத்திருக்கலாம்.

விநாடிக்கு ஏறக்குறைய 70 கோப்பு என்ற கதியில் போனது. ஞாயிறு அதிகாலை 2:10-க்கு மின்சாரம் போய், யூபிஎஸ் பேட்டரி தாங்காமல் கணினி பட்டென்று அணைந்தது. 5:30-க்கு அதே கட்டளையை ஓட்டுவதற்கு முன் இரண்டு தேடல்கள் செய்தார்கள்.

ஆர்சிங்க் ஒவ்வொரு கோப்பையும் புள்ளியில் தொடங்கும் தற்காலிகப் பெயரில் எழுதி, முடிந்ததும்தான் உண்மைப் பெயருக்கு மாற்றும். அணைந்த நேரத்தில் எழுதிக்கொண்டிருந்த ஒன்று அப்படியே எஞ்சியிருந்தது, அழித்தார்கள். அடுத்து, அளவு பூஜ்யமான கோப்புகளைத் தேடினால் 31 கிடைத்தன. பெயர் சரி, உள்ளே ஒன்றுமில்லை. இஎக்ஸ்டி4 தரவை உடனே டிஸ்க்கில் எழுதாமல் சில விநாடி நினைவகத்தில் வைத்திருக்கும். பெயர்ப் பதிவு முந்திக்கொண்டது, தரவு சேருமுன் மின்சாரம் போய்விட்டது. ஆர்சிங்க் அளவையும் மாற்ற நேரத்தையும் ஒப்பிடுவதால் இந்த 31-ஐ மறு ஓட்டத்தில் தானே மீண்டும் எடுத்தது. 'இருந்தால் விட்டுவிடு' என்று சிபி -என் கொடுத்துத் தொடர்ந்திருந்தால் இவை வெறுமையாகவே தங்கியிருக்கும்.

காலை 9 மணிக்கு முடிந்தது. வெளியேற்ற எண் 23: சில கோப்புகள் போகவில்லை என்று பொருள். பதிவில் மூன்று கோப்புகளுக்கு இன்புட் அவுட்புட் பிழை. பொன்னையில் ஒரு படம், குடியாத்தத்தில் ஒரு படமும் ஓர் உரையும். அன்று மாலை தவறான டிஸ்க்கிலிருந்து நான்கு ஊர்களையும் எடுத்தார்கள். போளூரின் 61,420 ஏற்கெனவே வந்துவிட்டதால் ஆர்சிங்க் அவற்றைத் தாண்டிப் போனது.

பொன்னைப் படம்

விடுபட்ட மூன்றும் நான்கு மாதப் பழைய பேக்கப்பில் இருந்தன. அந்த பேக்கப் மேக் கணினியில் பயன்பட்ட, எச்எஃப்எஸ் பிளஸ் என்ற ஃபைல் சிஸ்டம் கொண்ட டிஸ்க். அதை மேக்கில் செருகி, நெட்வொர்க் வழியே எஸ்சிபியால் மூன்றையும் கொண்டுவந்து உரிய இடத்தில் வைத்தார்கள். எண்ணினால் சரியாக 34,56,000.

எம்டி5 சரிபார்ப்பை ஓட்டியபோது குடியாத்தத்துப் படம் தேறியது. பொன்னைப் படம் 'அப்படி ஒரு கோப்பு இல்லை' என்று வந்தது. எல்எஸ் போட்டால் கண்முன்னே நிற்கிறது. பெயரை எம்டி5 கோப்பிலிருந்து ஒட்டினால் இல்லை; டேப் விசையால் நிரப்பினால் இருக்கிறது.

இரண்டு பெயர்களையும் பைட் பைட்டாகக் காட்டும் ஹெக்ஸ்டம்பில் பார்த்தபோது விடை கிடைத்தது. பதிவேட்டுப் பெயரில் 'பொ'வின் உயிர்க்குறி ஒரே குறியீடு, 3 பைட். மேக்கிலிருந்து வந்த பெயரில் அதே குறி ஒற்றைக் கொம்பும் காலுமாக இரண்டாகப் பிரிந்து 6 பைட். எச்எஃப்எஸ் பிளஸ் பெயர்களைப் பிரித்த வடிவத்தில்தான் வைக்கும். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும்; லினக்ஸுக்கோ இரண்டும் வெவ்வேறு பெயர்கள். ஒகர, ஓகார, ஔகாரக் குறியோ ஔ எழுத்தோ உள்ள பெயர்களுக்குத்தான் இந்தச் சிக்கல். பொன்னை, போளூர், சோளிங்கர் மாட்டும். வேலூர், ஆரணி, குடியாத்தம் மாட்டாது. ஆங்கிலத்தில் எழுதப்பட்ட எந்த வழிகாட்டியும் நம் ஊர்ப் பெயர்களை வைத்து இதை எச்சரிப்பதில்லை என்பதால் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

கான்வ்எம்வி என்ற கருவியை, பிரிந்த குறிகளைச் சேர்க்கும் என்எஃப்சி விருப்பத்தோடு, முதலில் ஒத்திகையாகவும் பிறகு உண்மையாகவும் ஓட்டியதில் பெயர் ஒற்றை வடிவத்துக்கு வந்தது. படமும் தேறியது. முழுத் தொகுப்பையும் பேக்கப்பிலிருந்து மீட்டிருந்தால் லட்சக்கணக்கான பெயர்கள் இப்படி மாறியிருக்கும். மேக்கில் புதிய ஆர்சிங்க்கை நிறுவி பெயர்களின் வடிவத்தை மாற்றும் அதன் ஐகான்வ் விருப்பத்தைக் கொடுத்து எடுத்திருந்தால் தவிர்த்திருக்கலாம்.

சரிபார்ப்பு

எண்ணிக்கை சரியாக இருந்தும் பெயர் தவறாக இருந்தது மேலே கண்டது. அதனால் எண்ணிக்கையோடு நிறுத்தவில்லை. மூன்றாவது டிஸ்க்கை அன்மவுண்ட் செய்து மீண்டும் மவுண்ட் செய்து, ஃபைண்டின் -எக்ஸெக்டிர் வழியே ஒவ்வொரு ஃபோல்டருக்குள்ளும் எம்டி5சம் -சி ஓடியது. குவயட் விருப்பம் கொடுத்ததால் தவறியவை மட்டுமே திரையில் வரும். 11,52,000 படங்களில் தவறியது ஒன்றும் இல்லை. உரைக் கோப்புகளுக்கு எம்டி5 இல்லாதது ஒரு குறை. தவறான டிஸ்க்கில் இருந்தவற்றை ஆர்சிங்க் -சி மூலம், உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்ட சரிபார்ப்பு எண்களைக் கொண்டு ஒப்பிட்டார்கள். கெட்ட டிஸ்க்கை மறுபடி முழுதாகப் படிக்கவைக்கத் துணியவில்லை. குடியாத்தத்து உரையைப் படத்திலிருந்தே மீண்டும் எழுத்துணரியில் எடுத்தார்கள்.

தவறான டிஸ்க்கை இரண்டு வாரம் தொடாமல் வைத்திருந்து, பிறகே மறு ஃபார்மட் செய்து இரண்டாவது பேக்கப் ஆக்கினார்கள்.

மாறியவை

சிறுபடங்கள் ஒரே குவியலாக இல்லை. நூல்வாரி ஃபோல்டர்களில் புதிதாக உருவாக்கப்பட்டன. பழைய சிறுபட ஃபோல்டரின் பெயர்ப் பட்டியல் மட்டுமே 60 எம்பிக்கு மேல் வளர்ந்திருந்தது. கோப்புகளை எல்லாம் அழித்தாலும் இஎக்ஸ்டி4-ல் அந்தப் பட்டியல் சுருங்காது. காலி ஃபோல்டரில் எல்எஸ் போட்டாலும் இழுக்கும். ஃபோல்டரையே நீக்கிப் புதிதாக உருவாக்க வேண்டும். இத்தகைய ஃபோல்டரை எட்டிப் பார்க்கவேண்டி வந்தால் எல்எஸ் -எஃப் போடுவது நல்லது. வரிசைப்படுத்தாமல் வந்தபடியே காட்டும்.

பக்கத்துக்கு ஒன்றாக இருந்த எம்டி5 கோப்புகள் நூலுக்கு ஒரே பட்டியலாகச் சேர்க்கப்பட்டன. உரைகளும் இப்போது அந்தப் பட்டியலில் உண்டு. இது ஒன்றாலேயே ஏறக்குறைய பதினொன்றரை லட்சம் கோப்புகள் குறைந்தன. நூறு பைட் கோப்பும் டிஸ்க்கில் 4 கேபி இடம் பிடிக்கும் என்பதால் 4 ஜிபிக்கு மேல் இடமும் திரும்பியது.

டிஸ்க் மாற்றுவதற்கான நடைமுறைத் தாள் கணினி அருகே ஒட்டப்பட்டுள்ளது. முதல் வரி டிஎஃப் -ஐ. இரண்டாவது, மூலத்தைப் படிக்க மட்டும் என்று மவுண்ட் செய்தல். வேறு டிஸ்க்குக்கு எம்வி கூடாது என்பது மூன்றாவது. யூபிஎஸ் பேட்டரி மாற்றப்பட்டது. பேக்கப் இப்போது வாரம் ஒருமுறை, இரவில், இஎக்ஸ்டி4 டிஸ்க்கிலேயே எடுக்கப்படுகிறது. மேக்கிலிருந்து வரும் எந்தக் கோப்பும் பெயர் ஒற்றை வடிவத்துக்கு வந்த பிறகே தொகுப்புக்குள் போகிறது.